மூன்று பானைத் தண்ணீர்

அக்னி நட்சத்திரம் பிறந்தால் பிச்சாண்டி சாமியின் மடம் மலைப்பாதை ஓரத்தில் தண்ணீர்ப் பந்தல் போடும். பந்தலுக்கு ஒரே விதிதான். ஊற்றுகிறவர் கடைசியில் குடிக்க வேண்டும். விதியைப் போட்டவர் சாமி.

அந்த வருடம் ஊற்றும் வேலையைக் குஞ்சிதபாதம் வாத்தியார் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். வயது அறுபத்து மூன்று. குருவைவிட இருபது வயது மூத்த சீடர். விசில் ஊதி ஊரையே ஓடவிட்டவருக்கு, அடக்க மிச்சமிருந்தது தன் உடம்பு ஒன்றுதான்.

முதல் நாள் சாயங்காலம் இரண்டு டம்ளர் குடித்தார். மூன்றாம் நாள் ஒன்று. ஐந்தாம் நாள் பந்தலில் குடிக்கவே இல்லை.

"கடைசி ஆள் போயாச்சுன்னு எப்படிச் சொல்றது சாமி? யாராவது வந்துக்கிட்டேதானே இருக்காங்க" என்றார்.

"குடிங்க வாத்தியாரே" என்றார் சாமி. குடித்தாரா என்று பார்க்கவில்லை. அதற்காகப் பின்னால் நிறைய வருத்தப்பட்டார்.

ஆறாம் நாள் உச்சி வேளை. ஆடு மேய்க்கும் பூங்காவனம் மடத்து வாசலில் வந்து நின்றாள். சாமி பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாத்தியார் உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு சாமி. வேர்வை நின்னுபோச்சாம். தாகமும் அடங்கிடுச்சாம். உடம்பை ஜெயிச்சாச்சாம்."

சாமியின் கை நின்றது.

"எப்ப சொன்னாரு?"

"இப்பத்தான். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டுச் சாமி ஓடினார். செருப்பு போடவில்லை. தார் ரோடு காலைச் சுட்டது. பூங்காவனத்துக்கு ஒன்றும் புரியவில்லை; ஆனாலும் பின்னாலேயே ஓடினாள்.

வாத்தியார் பந்தலுக்கு வெளியே, வெயிலில் நின்றிருந்தார். சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது. எதிரே கிடந்த பாறைகளைப் பார்த்து, "வரிசையா நில்லுங்கடா" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, நான் யாரு?"

"நீ லேட்டு. மைதானத்தைச் சுத்தி ஓடு" என்றார். அப்படியே முழங்கால் மடங்கிச் சாய்ந்தார்.

சாமி தாங்கிப் பிடித்தார். உடம்பு அடுப்புச் சட்டிபோல் சுட்டது. நிழலுக்கு இழுத்துப் போட்டு, சட்டையைக் கிழித்தார். நூற்றியெட்டுக்குப் போன் போட்டார். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அழுத்தினார்.

பூங்காவனம் டம்ளரை வாத்தியார் வாயருகே கொண்டுபோனாள்.

"வாயில ஊத்தாதே! நினைவில்லை, புரையேறிடும். மேல ஊத்து. கழுத்துல, அக்குள்ல."

ஒரு பானை தீர்ந்தது. சூடு இறங்கவில்லை. சாமி துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். இரண்டாவது பானையும் தீர்ந்தது.

"சாமி, இது கடைசிப் பானை. வர்றவங்களுக்கு?"

"ஊத்து."

அது பாதி காலியானபோது மலையிலிருந்து ஒரு குடும்பம் இறங்கி வந்தது. தகப்பன் தோளில் ஒரு குழந்தை வாடிக் கிடந்தது. அவர்கள் பந்தலைப் பார்த்தார்கள். கீழே கிடந்தவரையும் பார்த்தார்கள். பூங்காவனம் குழந்தைக்கு மட்டும் அரை டம்ளர் கொடுத்தாள். மற்றவர்கள் எதுவும் கேட்காமல் நடந்தார்கள். மீதியையும் வாத்தியார் மேல் ஊற்றிய பிறகுதான் வண்டிச் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள். முதல் இரவு பிழைப்பாரா என்று டாக்டரே சொல்லவில்லை. சாமி வராந்தாவை விட்டு நகரவில்லை.

பத்து நாள் கழித்து, வெயில் ஏறுமுன் சாமி வாத்தியாரைப் பந்தலுக்கு அழைத்துப்போனார். நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பானைகள் நிரம்பியிருந்தன. பாதையில் இன்னும் ஒருவரும் வரவில்லை.

"விரதத்துல தோத்துட்டேன் சாமி" என்றார் வாத்தியார்.

சாமி முதல் டம்ளரை மொண்டு அவரிடம் நீட்டினார்.

வாத்தியார் கை நீட்டவில்லை. "ஊத்துறவன் கடைசியிலதானே குடிக்கணும்? நீங்க போட்ட விதி."

"அன்னிக்கு மூணு பானையையும் நீங்க ஒருத்தரே தீர்த்தீங்க. இன்னிக்கு ஒரு டம்ளரோட விடுங்க வாத்தியாரே" என்றார் சாமி.