மருத்துவசாலைக்குக் கற்பூரம்

ரொம்ப காலத்துக்கு முன்னால் கொன்றைநாட்டை மாறவேள் என்று ஒரு ராஜா ஆண்டார். அவருக்குக் கோபமும் அவசரம், அன்பும் அவசரம். ஒருநாள் திடீரென்று, "என் ஜனங்கள் காய்ச்சலில் சாகக்கூடாது, மருத்துவசாலை கட்டுங்கள்!" என்றார். கட்டியவர் அரண்மனை அதிகாரி செம்பியராயர். சும்மா கட்டுவாரா மனுஷர்? வாசலில் இரண்டு கல்யானை, பித்தளைக் கதவு, உச்சியில் ஏழு கலசம்!

மருத்துவச்சி வெண்ணி பின்கட்டிலேயே குடியிருந்து தினமும் கஷாயம் காய்ச்சினாள். ஊரெல்லாம் காய்ச்சல், இங்கே ஈ காக்காய் இல்லை. சாயந்தரமானால் கஷாயத்தை வாழைக்கு ஊற்றுவாள். பாவம், அழுகை அழுகையாக வரும்.

தன் மருமகனை வெண்ணியின் வேலையில் உட்காரவைக்கக் காத்திருந்த செம்பியராயர், "அவளுக்குக் கைராசி இல்லை, மகாராஜா" என்று சபையில் போட்டுக்கொடுத்தார்.

ராஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "நாளை பொழுது சாய்வதற்குள் ஒரு நோயாளியாவது வரவேண்டும். இல்லையென்றால் அவள் நாட்டைவிட்டே போகட்டும்!"

வெண்ணி மந்திரி பொன்னம்பலத்தாரிடம் ஓடினாள். "ஐயா, என் மருந்தில் என்ன குறை?"

"வா அம்மா, முன்வாசலைப் பார்த்துவிட்டு வருவோம்" என்றார் அவர்.

அங்கே ஒருத்தி காய்ச்சல் குழந்தையோடு வந்தாள். கற்பூரம் ஏற்றினாள், வாசல் மண்ணை எடுத்துக் குழந்தை நெற்றியில் பூசினாள், கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள்!

"அடி மகளே, உள்ளே வாடி!" என்று கத்தினாள் வெண்ணி.

"இம்மாம் பெரிய எடத்துக்குள்ளே அழுக்குச் சேலையோட வரலாமா தாயி?" என்று அவள் பயந்து போயே போய்விட்டாள்.

விடிந்ததும் மந்திரி பின்சுவரை இடித்து ஒரு குட்டை வாசல் வைத்தார். ஓலைப் பந்தல், தண்ணீர்ப் பானை, தெருவைப் பார்த்துக் கஷாய அடுப்பு. மத்தியானத்துக்குள் கூட்டம் தாங்கவில்லை.

ராஜா பல்லக்கில் வந்து முன்வாசலில் இறங்கினார். "பார்த்தீர்களா, ஆளே இல்லை" என்று சிரித்தார் செம்பியராயர். மந்திரி இருவரையும் பின்னால் அழைத்துப் போனார். அங்கே நேற்றைய பெண்ணும் இருந்தாள்.

"முன்வாசலில் ஏன் வரவில்லை?" என்றார் ராஜா.

"அது சாமி எடம்னு நெனச்சேன் ராசா. மூணு நாளா கும்பிட்டேன், சுரம் எறங்கலே. இங்கே அடுப்பு பொகையுது, நாலு பேரு இருமுறாங்க. நம்ம எடந்தான்னு வந்துட்டேன்."

ராஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "செம்பியராயரே, இனிமேல் பித்தளைக் கதவருகில் நின்று, கும்பிட வருகிற ஒவ்வொருவரையும் நீரே கைபிடித்து இங்கே கூட்டி வாரும்" என்றார். கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போய், தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார்.

"வெண்ணி, உன்னைப் போகச் சொன்னது என் தப்பு, தாயே..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் மகாராஜா. முதலில் காலைப் பிடியுங்கள், கஷாயத்தைக் கண்டு உதைக்கிறான்!"

ராஜா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.