படி ஏறுகிறவர்

தெய்வசிகாமணி தன் குருவைவிடப் பதினேழு வயது மூத்தவர். இதில் இருவருக்குமே சங்கடம் எதுவும் இருந்ததில்லை. அவர் தெரேஸை டீச்சர் என்பார். தெரேஸ் அவரை சார் என்பார்.

புதுச்சேரியில் முப்பது வருஷம் மின்சார மீட்டர் சோதித்தவர் தெய்வசிகாமணி. மீட்டருக்குள் சுற்றும் தகடு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கண்ணாலேயே எண்ணிச் சொல்லிவிடுவார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தெரேஸ் வீட்டு மீட்டரைப் பார்க்கப் போனபோது உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"மோட்டார்ல ஏதோ சிக்கியிருக்கு போல" என்றார்.

"மோட்டார் இல்ல சார். சாக்ஸபோன்" என்றார் தெரேஸ்.

பிரான்சில் ஒரு வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்துவிட்டு, படுத்த படுக்கையான அம்மாவைக் கவனிக்க ஊர் திரும்பியவர் அவர். கூடவே சுவர் நிறைய இசைத்தட்டுகள் வந்தன. எல்லாம் ஐரோப்பாவில் ஃப்ரீ ஜாஸ் வாசிப்பவர்களுடையவை. ராகம் கிடையாது, தாளக்கட்டு கிடையாது, முன்கூட்டி எழுதிவைத்த ஒரு வரி கிடையாது. நாலு பேர் கூடி அந்த நிமிஷம் என்ன தோன்றுகிறதோ அதை வாசிப்பார்கள். தெய்வசிகாமணி அன்றைக்கு மீட்டரை மறந்துவிட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார். கேட்கக் கற்றுக்கொண்டார். வருஷங்கள் போக, அவர் வீட்டிலும் அறுநூறு தட்டுகள் சேர்ந்தன.

இந்தச் சனிக்கிழமை மத்தியானம் வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"என் தட்டு எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கோங்க டீச்சர். ஒரு வண்டி பிடிச்சு அனுப்பிடறேன்."

"முதல்ல உள்ள வாங்க சார்."

உள்ளே வந்து உட்கார்ந்தவர் கையில் ஒரே ஒரு தட்டு இருந்தது. சாம்பல் நிற உறை. ஜெர்மனியில் மூன்று பேர் வாசித்து, தாங்களே அச்சடித்துக்கொண்ட முன்னூறு பிரதிகளில் ஒன்று. தெரேஸிடம் இரண்டு இருந்தன. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். ஆளுக்கொன்று வீட்டில் இருந்ததால் அதைச் சேர்ந்து கேட்கவேண்டிய அவசியம் வரவேயில்லை.

"நடுவுல பாருங்க" என்று தட்டை நீட்டினார் தெய்வசிகாமணி.

தெரேஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. உறை மாறிவிடும் என்று பயந்து, எண் எழுதிய சீட்டைத் தட்டின் நடுவிலேயே ஒட்டிவிடுவார். இந்த வருஷக் கத்திரி வெயிலில் பசை காய்ந்து சீட்டு உதிர்ந்துவிட்டது. அது மறைத்திருந்த இடத்தில், நிமிஷத்துக்கு 45 சுற்று என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது.

தெரேஸ் அதைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"நீங்க எதுல போட்டீங்க?"

"மத்த தட்டு மாதிரியே முப்பத்திமூணுல."

"எத்தனை நாளா?"

"நீங்க குடுத்த நாளா."

சினிமாப் பாட்டாக இருந்திருந்தால் முதல் வரியிலேயே குட்டு உடைந்திருக்கும். இந்த இசையில் எது சரியான வேகம் என்று யார் சொல்வது? தகடு சுற்றுவதை எண்ணியே காலம் தள்ளிய மனிதர், சொந்த வீட்டில் சுற்றிய தட்டை எண்ணிப் பார்க்கவில்லை.

"சீட்டு ஒட்டினது நான்தான் சார். தப்பு என்னோடது."

"தப்பு யாரோடதா இருந்தா என்ன? லோகாவுக்கு நான் என்னத்தைக் கேக்கவெச்சேன் டீச்சர்? அதைச் சொல்லுங்க."

லோகாம்பாள் அவர் மனைவி. நுரையீரல் கெட்டு, இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. அவருடைய தட்டுகளை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. பரணிலிருந்து யாரோ பாத்திரத்தை உருட்டிவிடுகிறார்கள் என்று கேலி செய்வாள். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் இந்தத் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று நிறுத்தப் போனவரைக் கையைக் காட்டித் தடுத்தாள்.

"யாரோ வயசானவர் படி ஏறுறார்ங்க. படிக்குப் படி நின்னு மூச்சு வாங்கறார் பாருங்க" என்றாள்.

அதன்பின் அவள் இருந்த மூன்று மாதமும் தினம் அதே தட்டுதான். மூச்சுக்குத் தவித்தவள் அந்த மூச்சைக் கேட்டபடி கிடந்தாள். கடைசி நாள் சாயங்காலம் தட்டு ஓடி முடிந்ததும் கேட்டாள்.

"வந்துட்டாரா?"

"வந்துட்டார்மா" என்றார் தெய்வசிகாமணி. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அவர் தெரேஸின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நேத்து நாப்பத்தஞ்சுல போட்டேன். படியும் இல்ல, பெரியவரும் இல்ல. எவனோ சின்னப் பய இறக்கத்துல சைக்கிள் விட்டுக்கிட்டுப் போறான். பதினாறு நிமிஷம் ஓடினது பன்னெண்டே நிமிஷத்துல முடிஞ்சுபோச்சு. சாகப்போறவளுக்கு இல்லாத ஒருத்தரைக் காட்டி அனுப்பியிருக்கேன். வந்துட்டார்னு வேற சொன்னேன். இனிமே இந்தக் காதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போவது கேட்டது.

"அவரை நானும் தேடினேன் சார்" என்றார் கடைசியில்.

"யாரை?"

"படி ஏறுறவரை. உங்க வீட்டம்மா அப்படிச் சொன்னாங்கன்னு நீங்க சொன்னீங்க இல்ல? அன்னிலேருந்து. என்கிட்ட இருக்கற தட்டை எத்தனையோ தடவை போட்டுட்டேன். எனக்கு அந்த சைக்கிள் பையன்தான் வந்தான். என் காது மழுங்கிப்போச்சுன்னு நெனச்சேன். உங்ககிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

குரு வெட்கப்பட்டு தெய்வசிகாமணி அதுவரை பார்த்ததில்லை. அது அவருக்குக் கொஞ்சமும் ஆறுதலாக இல்லை.

"அப்படின்னா இப்பக் கேளுங்க. முப்பத்திமூணுல போடுங்க. அவர் இருக்காரா இல்லையான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் நம்பிக்கறேன்."

தெரேஸ் எழுந்து தட்டை வைத்தார். வேகத்தை மாற்றும் விசையை முப்பத்துமூன்றுக்குத் தள்ளினார். தட்டு சுற்றத் தொடங்கியது. ஊசியைத் தூக்கித் தட்டின் விளிம்புக்கு மேலே கொண்டுவந்தார். கை அங்கேயே நின்றது.

தெய்வசிகாமணி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷத்தில் சுற்றுகளை எண்ணினார். இருபது ஆயிற்று, முப்பது ஆயிற்று. ஊசி இறங்கவில்லை.

தெரேஸ் ஊசியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார். தட்டை எடுத்து உறையில் போட்டார். அலமாரிக்குப் போய்த் தன்னுடைய பிரதியையும் உருவி எடுத்து வந்து, இரண்டையும் அவர் மடியில் வைத்தார்.

"இது உங்களோடதாச்சே டீச்சர்."

"எடுத்துட்டுப் போங்க சார். இங்க இருந்தா என்னிக்காவது ஒருநாள் அந்த வேகத்துல போட்டுடுவேன்."

"போட்டாத்தான் என்ன? ஒரு தடவை கேட்டா என்ன டீச்சர்?"

"அந்த வேகத்துல இப்படி ஒண்ணு இருக்குன்னு வாசிச்ச அந்த மூணு பேருக்கே தெரியாது. எனக்குத் தெரிஞ்சு இதைக் கேட்டது ரெண்டே பேர்."

தெய்வசிகாமணி மடியிலிருந்த தட்டுகளைப் பார்த்தார்.

"அதுல ஒருத்தி போயிட்டாளே."

"அந்த இடத்துக்கு நான் வரமாட்டேன் சார்."