ஒன்பதாவது வரி

கணினி நிரல்களை ஒப்பிட்டு இணைக்கும் இலவசக் கருவி ஒன்றை நஸீமா உருவாக்கியிருந்தாள். யார் வேண்டுமானாலும் அதற்குத் திருத்தம் எழுதி அனுப்பலாம். வருவதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் பொறுப்பைத் தன் மாணவர் இருதயராஜிடம் கொடுத்திருந்தாள். அவர் அவளைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். ஆனாலும் ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருடம் செயற்கை நுண்ணறிவு எழுதிய குப்பைகள் வந்து குவிந்தன. இருதயராஜ் சலித்துப்போனார்.

அப்போது பெனிட்டா என்ற பெண்ணிடமிருந்து ஒரு திருத்தம் வந்தது. துப்புரவாக இருந்தது. வரிக்கு வரி விளக்கம். நாலு வரி பார்த்தார். ‘இது இயந்திரம் எழுதியது’ என்று பதில் போட்டு மூடிவிட்டார்.

‘இருபது நாள் உட்கார்ந்து நானே எழுதினேன் சார். எந்த வரியை வேண்டுமானாலும் கேளுங்கள், விளக்குகிறேன்’ என்று எழுதினாள்.

அவர் கேட்கவில்லை. அவள் இனி எதுவும் அனுப்ப முடியாதபடி தடுத்தும் வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து, அவள் சரிசெய்ய முயன்ற அதே பிழையால், கருவியைப் பயன்படுத்திய ஒரு மாணவனின் மூன்று வார வேலை அழிந்தது. இருதயராஜ் நஸீமாவிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

“டீச்சர், இயந்திரம் எழுதினதையும் மனுஷங்க எழுதினதையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?”

நஸீமா பெனிட்டாவின் திருத்தத்தைத் திறந்து மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

“சத்தமா படிங்க சார்.”

படித்தார். ஒன்பதாவது வரியில் குரல் நின்றது. அங்கே ஒரு குறிப்பு இருந்தது: ‘இந்த இடம் சரியா என்று எனக்குச் சந்தேகம். தெரிந்தவர்கள் பொறுமையாகப் பார்த்துச் சொல்லுங்கள்.’

“இதை நான் பார்க்கவே இல்லை, டீச்சர்.”

“உங்களை நம்பி விட்டுட்டு, நானும் பார்க்கல” என்றாள் நஸீமா.

அன்றே மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் எழுதினார். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. திருத்தங்கள் வந்து சேரும் இணையதளத்தில் தேடினார். பெனிட்டா தன் கணக்கையே அழித்துவிட்டுப் போயிருந்தாள்.

மடிக்கணினியை நஸீமா பக்கம் தள்ளி வைத்தார்.

“இனிமே நான் என்ன செய்யட்டும், டீச்சர்?”

“பதினேழு பேர் திருத்தம் அனுப்பிட்டுக் காத்திருக்காங்க.”

“அதுல எத்தனை இயந்திரம் எழுதினதோ...”

“எனக்கும் தெரியாது. கடைசி வரி வரைக்கும் படிங்க.”