ஓடையைத் திருப்ப ஒரு மனு

மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டிய ஓட்டு வீட்டில் நாச்சியாரம்மா இருந்தார். வயது நாற்பத்தொன்று. ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் அவரிடம் வந்து தியானம் பழகினார்கள். அவர்களில் மூத்தவர் தவமணி. நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர். மனைவி இறந்த பிறகு தூக்கத்தைத் தொலைத்தவர். அம்மாவிடம் வந்த பிறகுதான் அது திரும்பக் கிடைத்தது.

ஒவ்வொரு ஐப்பசியிலும் ஓடைத் தண்ணீர் அம்மாவின் வீட்டுக்குள் வரும். போன வருடம் பின்சுவர் விரிசல் விட்டது. ஓடையைக் கிழக்கே தள்ளி கான்கிரீட் சுவர் எழுப்பிவிடலாம் என்று மற்ற சீடர்கள் மனு தயாரித்தார்கள். அம்மா கையெழுத்துப் போட்டார். மனு தவமணியின் மேசைக்கு வந்தது.

அவர் போய் அளந்து பார்த்தார். பிறகு கோப்பை மூடி வைத்தார். கடைசியில் ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, குருவுக்கு ஒண்ணு தேவைப்பட்டா சீடன் என்ன செய்யணும்?"

"மனு விஷயமா?"

"ஆமா."

"எத்தனை நாளா வச்சிருக்கீங்க?"

"இருபத்தாறு நாள்."

"வேற ஒருத்தர் மனுவா இருந்தா?"

"அன்னைக்கே எழுதியிருப்பேன்."

"என்னன்னு?"

"முடியாதுன்னு. தண்ணி திரும்புற இடத்துல ஒரு வீடு இருக்கு."

அம்மா செருப்பை மாட்டினார்.

"அந்த இடத்தைக் காட்டுங்க."

இருவரும் ஓடையோரமாகக் கீழே நடந்தார்கள். வளைவில் செல்லக்கனியின் வீடு. தகரக் கூரை. உள்ளே அவளுடைய கணவர் பக்கவாதத்தில் கட்டிலோடு கிடந்தார்.

"புதுச் சுவர்ல மோதுற தண்ணி நேரா இங்கதான் பாயும்" என்றார் தவமணி.

செல்லக்கனி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அம்மா எதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னார்.

"கட்டிக்கோங்கம்மா" என்றாள் அவள். "நாலு பேருக்கு நல்லது சொல்ற இடம். நான் குறுக்க நிப்பேனா?"

திரும்பி வரும்போது தவமணியின் முகம் தெளிந்திருந்தது.

"அவங்களே சம்மதிச்சிட்டாங்க. எழுதி வாங்கிட்டாப் போதும்மா."

"அது சம்மதம் இல்லை, தவமணி. மரியாதை."

அம்மா ஓடையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"தண்ணி என் வீட்டுக்குள்ள வர்றதை மட்டும்தான் நினைச்சேன்" என்றார் அம்மா. "திருப்பி விட்டா எங்க போகும்னு கேக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அப்ப மனுவை நீங்களே திரும்ப வாங்கிக்கோங்க."

"மாட்டேன். நீங்க எழுதுங்க."

"என் கையாலயா?"

"உங்க கையாலதான்."

அம்மாவின் எதிரிலேயே உட்கார்ந்து தவமணி எழுதினார். 'அனுமதிக்கப் பரிந்துரைக்க இயலாது.' கடைசிச் சொல் கோணலாக விழுந்தது. அம்மா அதை ஒருமுறை படித்துவிட்டுக் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாத மழை. செல்லக்கனியின் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறி, வடிந்தது. கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்கிச் சமாளித்தார்கள். அம்மாவின் வீட்டில் பின்சுவர் சரிந்தது. கூரையில் பாதி அதோடு போயிற்று.

நான்காம் நாள் காலை தவமணி, வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அங்கே ஒரு வகுப்பறையில் அம்மா நனைந்த துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தார். தவமணி சேற்றுக் காலோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் எழுதினேன். உங்க வீடு போச்சு."

"போச்சு."

"உங்களுக்கு வருத்தமே இல்லையா அம்மா?"

"இருக்கு. பதினாலு வருஷம் இருந்த வீடு."

தவமணிக்குக் கண் நிறைந்தது.

"அன்னைக்கு மனுவை நீங்க திரும்ப வாங்கியிருக்கலாம். என்னை ஏன் எழுத வச்சீங்க?"

அம்மா கையிலிருந்த சேலையை உதறி ஜன்னல் கம்பியில் போட்டார்.

"நான் வாங்கியிருந்தா, நீங்க எனக்குக் கட்டுப்பட்டிருப்பீங்க. நாளைக்கு என்னைவிடப் பெரிய ஆள் ஒருத்தர் மனுவோட வந்தா, யாருக்குக் கட்டுப்படுவீங்க?"