அலைகளை விரட்டிய உறுமன்

மலையடிவாரக் காட்டில் உறுமன் என்றொரு நாய் இருந்தான். அணில், கிளி, முயல் எல்லாம் மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்த தானியக் குகைக்கு அவன்தான் காவல். வேலையில் சூரன். இலை விழுந்தால் குரைப்பான். விழாவிட்டால், ஏன் விழவில்லை என்று குரைப்பான்.

"நான் ஒரு சத்தம் போட்டாப் போதும்! வந்தவன் வந்த வழியே ஓடிடுவான்!" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வான்.

அவன் சத்தம் போட்டதும் ஓடினவர்கள் உண்டுதான். அவர்களில் பாதிப் பேர் ஓடையில் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

ஓயாமல் குரைத்து அவன் தொண்டை கட்டிப்போனது. அவன் மனைவி வெண்காலி ஒருநாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"என்னங்க, நாலு நாள் கடற்கரைக்குப் போயிட்டு வரலாம். உப்புக்காத்து தொண்டைக்கு நல்லதுன்னு கொக்கு சொல்லுது. அங்க காவல் காக்க ஒண்ணுமே கிடையாது. நீங்களும் சும்மா இருக்கலாம், நாங்களும் நிம்மதியா இருக்கலாம்!"

"நான் இல்லாம குகை என்ன ஆகும்?"

"முள்ளம்பன்றி பார்த்துக்கும். அது குரைக்காது. கிட்டப் போனாக் குத்தும். அது போதும்!"

வெண்காலியின் தம்பி தூங்கனும் கூடவே கிளம்பினான். பேருக்கேற்ற பிள்ளை அவன். "அத்தான், கடற்கரை மணல் மெத்து மெத்துன்னு இருக்குமாமே!" என்று வழியெல்லாம் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்தான்.

ஆற்றோரமாகவே நடந்து, ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு மூவரும் வந்து சேர்ந்தார்கள். அங்கே சுழியன் என்ற நீர்நாய் வாடகைக்கு வீடு விட்டுக்கொண்டிருந்தான். வாடகை ஒரு தேனடை.

வீடு என்பது ஒரு பழைய படகு. எந்தக் காலத்திலோ மீனவர்கள் விட்டுப் போனது. மணலில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு பக்கத்தை நெம்பித் தூக்கி, ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தான் சுழியன். அந்த இடைவெளிதான் வாசல்.

"உள்ளே நல்ல குளிர்ச்சி. ஏதாவது வேணும்னா முகத்துவாரத்துல வந்து ஒரு குரல் கொடுங்க. நிம்மதியா ஓய்வெடுங்க ஐயா!" என்று சொல்லிவிட்டுச் சுழியன் போனான்.

அவன் தலை மறைந்ததும் உறுமன் மூக்கைச் சுளித்தான். "இவனும் நாயாமே! காலைப் பார்த்தா வாத்து. வாலைப் பார்த்தா துடுப்பு. பேர்ல நாய் இருந்துட்டா ஆச்சா?"

"வீடு நல்லா இருக்கு. வாயை மூடிக்கிட்டு உள்ளே வாங்க!" என்றாள் வெண்காலி.

மறுநாள் விடிந்ததும் உறுமன் வெளியே வந்து சோம்பல் முறித்தான். அப்போதுதான் பார்த்தான். நீலமாக, பெரிதாக, வாயில் நுரை தள்ள ஒருவன் வீட்டை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தான்!

"யார்ரா அது!" என்று பாய்ந்தான் உறுமன். "வள்! வள்! வள்!"

ஓடி வந்த அலை மணலில் பரவியது. ஒரு கணம் நின்றது. பின் சரசரவென்று கடலுக்கே திரும்பியது.

உறுமனுக்கு நெஞ்சு விம்மியது. "வெண்காலி! வந்து பாரு! எத்தனை பெரிய ஆளு! ஒரே சத்தம், பின்னங்கால் பிடரியில அடிக்க ஓடுறான்!"

அவன் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அலை வந்தது. அதையும் விரட்டினான். அடுத்ததும் வந்தது.

"கூட்டமா வந்திருக்கானுங்க. பரவாயில்லை, நான் இருக்கேன்!"

காலையில் தொடங்கியவன் நிற்கவே இல்லை. பிற்பகலில் கடல் மெல்ல மெல்ல உள்வாங்கியது. ஈர மணல் நெடுந்தூரம் பளபளத்தது. உறுமன் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ஆனால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, திரும்பி வந்தான்.

"காலையில வாசல்கிட்ட நின்னான். இப்போ எங்கே நிக்கிறான் பாரு!"

"இப்போவாவது நான் போய்க் காலை நனைச்சுட்டு வரட்டுமா? அதுக்குத்தானே வந்தோம்?" என்று ஆசையாகக் கேட்டாள் வெண்காலி.

"திருடன்கூட விளையாடப் போறியா? நல்லா இருக்கு! வீட்டை விட்டு ஓர் அடி நகரக்கூடாது!"

வெண்காலி பெருமூச்சு விட்டாள். வழியெல்லாம் அவள் கனவு கண்ட நீலக் கடல், வாசலுக்கு எதிரிலேயே, தொட முடியாமல் கிடந்தது.

மறுநாள் காலை கடல் மறுபடியும் வாசலருகே நின்றது.

"இப்படி ஒரு மானங்கெட்டவனை நான் பார்த்ததே இல்லை!" என்று உறுமன் கொதித்தான். அன்றைக்கும் சண்டை. அவன் குரல் கரகரத்தது, பிறகு கம்மியது. நண்டுகள் வளையை விட்டுத் தலையை நீட்டின, அவனைப் பார்த்தன, பேசாமல் உள்ளே போய்விட்டன. தூங்கன் மட்டும் அழுதுவிடுவான் போலிருந்தான்.

"அத்தான், கண்ணை மூட முடியலை. கொஞ்சம் மெதுவாக் குரைக்கக் கூடாதா?"

"மெதுவாக் குரைச்சா அவன் மெதுவாத்தானேடா ஓடுவான்?"

தூங்கன் எழுந்து மணல்மேட்டுக்குப் போனான். அங்கே எருக்கஞ்செடி காய்த்து வெடித்திருந்தது. அதன் பஞ்சை இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு படகுக்குள்ளே போய்ப் படுத்தான். அதன்பின் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது.

சண்டையின் மூன்றாம் நாள் முழுநிலா நாள். விடிந்து கொஞ்ச நேரத்திலேயே சுழியன் முகத்துவாரத்திலிருந்து இரைக்க இரைக்க ஓடி வந்தான்.

"ஐயா! ஐயா! உடனே..."

"வள்!" என்று உறுமன் அவன்மேல் பாய்ந்தான். "இன்னொருத்தனா? தண்ணிப் பக்கமா ஒரு கூட்டம், தரைப் பக்கமா ஒருத்தன்! ரெண்டு பக்கமும் வளைக்கப் பார்க்கிறீங்களா?"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

சுழியன் சொல்லி முடிக்கவில்லை. உறுமன் அவன் வாலை ஒரு கடி கடித்தான். "ஐயோ!" என்று அலறியபடி சுழியன் ஓடி ஆற்றில் குதித்தான்.

"ஏங்க, அவர் என்ன சொல்ல வந்தாருன்னு கேக்க வேண்டாமா? வீட்டுக்காரர்ங்க அவர்!" என்று பதறினாள் வெண்காலி.

"வீட்டுக்காரன் இவ்வளவு காலையில ஏன் வரான்? இன்னொரு தேனடை கேக்கத்தான்! கடிச்சதுக்கப்புறம் கேக்க மறந்துட்டான், பார்த்தியா?"

அதற்குள் கடல் வந்துவிட்டது.

அன்றைக்கு அது வாசலோடு நிற்கவில்லை. முழுநிலா இழுத்த இழுப்புக்கு வீங்கிப் புடைத்து வந்தது. காற்றும் சேர்ந்துகொண்டது. உறுமன் முன்னால் போய் நின்று குரைத்தான். அலை அவன் பாதத்தை நனைத்தது. இன்னும் பலமாகக் குரைத்தான். அடுத்த அலை வயிற்றை நனைத்தது. இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி வாயைத் திறந்தான்.

"கீ..."

அவ்வளவுதான் வந்தது. குரல் போயே போய்விட்டது.

அடுத்த அலை அவனை ஓர் உருட்டு உருட்டித் தலைகீழாகக் கரையில் போட்டது. மூக்கிலும் வாயிலும் உப்பு ஏற, தட்டுத்தடுமாறி எழுந்து திரும்பிப் பார்த்தான். அலை படகில் மோதியது. முட்டுக் கொடுத்திருந்த கல் புரண்டது. படகு தொப்பென்று மணலில் அமர்ந்தது. வாசல் மூடிக்கொண்டது. உள்ளே காதில் பஞ்சோடு தூங்கன்!

"தம்பி! தம்பி! எந்திரிடா!" என்று வெண்காலி படகைப் பிறாண்டினாள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை.

உறுமன் ஓடி வந்து தோளைக் கொடுத்து முட்டினான். படகு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். பல்தான் வலித்தது. மணலைத் தோண்டினான். அவன் தோண்டத் தோண்ட அலை வந்து குழியை மூடியது. படகின் விளிம்பு தண்ணீருக்குள் போய்விட்டது.

 திருடன், எதிரி என்று ஒரு சொல்லும் இப்போது அவன் மனதில் இல்லை. தண்ணீருக்கு அடியில் தோண்டத் தெரிந்தவன் அந்தக் கரையிலேயே ஒருவன்தான். அவன் வாலில் இருந்தது உறுமனின் பல் தடம்.

"நீ இங்கேயே இரு" என்று வெண்காலிக்குச் சொல்ல நினைத்தான். காற்றுதான் வந்தது. வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு முகத்துவாரத்துக்கு ஓடினான்.

சுழியன் தன் வளைக்குள் படுத்து வாலை நக்கிக்கொண்டிருந்தான். வளை வாசலில் நின்று உறுமன் கூப்பிட்டான்.

"கீ! கீ!"

"வாசல்ல ஏதோ மூஞ்சூறு வந்திருக்கு போல. என்னன்னு பாருங்க" என்றது உள்ளேயிருந்து அவன் மனைவியின் குரல்.

காட்டையே அதிரவைத்த உறுமன், 'ஆமாம், மூஞ்சூறுதான்' என்பதுபோல் தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றான். வெளியே வந்த சுழியன் அவனைக் கண்டதும் வாலைப் பின்னால் ஒளித்தான். உறுமன் மண்ணில் படுத்துவிட்டான். முன்னங்காலால் படகின் பக்கம் காட்டினான். பின் கண்ணை மூடித் தூங்குவதுபோல் செய்து காட்டினான்.

"உங்க மச்சானா? உள்ளேயா?" சுழியனின் முகம் மாறியது. "அடியே, பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு வா, சீக்கிரம்!"

நீர்நாய்க் குடும்பமே ஆற்றில் பாய்ந்தது. அலைக்கு அடியில் புகுந்து, மணலைப் பறித்து, படகுக்குள் போனது. உறுமனுக்கும் வெண்காலிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் ஒரு யுகமாக இருந்தது. கடைசியில் நுரைக்கு நடுவே ஒரு காது தெரிந்தது. அடுத்து ஒரு மூக்கு. இரண்டு நீர்நாய்கள் பிடரியைப் பிடிக்க, இரண்டு பின்னாலிருந்து தள்ள, தூங்கன் வெளியே வந்தான்.

அவனை மணல்மேட்டில் கொண்டு போய்ப் போட்டார்கள். இருமினான். தண்ணீரைக் கக்கினான். காதிலிருந்த ஈரப் பஞ்சை எடுத்துப் பார்த்தான்.

"என்ன அத்தான், மழையா?" என்று கேட்டான்.

வெண்காலி அழுதுகொண்டே சிரித்தாள். உறுமன் தூங்கனின் முகத்தை நக்கிக்கொடுத்துவிட்டு உட்கார்ந்தான். சுழியன் பக்கத்தில் வந்து தன் துடுப்பு வாலைச் சுருட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னைக்குக் கடல் வீட்டுக்குள்ள வரும், மேட்டுக்குப் போயிடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன் ஐயா."

உறுமன் கொஞ்சமாகத் திரும்பியிருந்த கீச்சுக் குரலில் கேட்டான். "அண்ணே... அப்போ முதல் ரெண்டு நாள் அது திரும்பிப் போனது?"

"திரும்பிப் போறதுதான் அதுக்கு வேலை! ஏறும், இறங்கும். கரையில யாரு நிக்கிறாங்கன்னு அதுக்குத் தெரியாது."

"நான் குரைச்சது?"

சுழியன் தயங்கினான். "வருத்தப்படாதீங்க. ரெண்டு நாளும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து உங்களைத்தான் வேடிக்கை காட்டினோம். ரொம்பச் சந்தோஷப்பட்டாங்க."

உறுமன் கடலைப் பார்த்தான். தன் பாதங்களைப் பார்த்தான். பின் வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினான். குரல் இன்னும் சரியாகாததால் அது "கீ, கீ" என்றே வந்தது. குட்டி நீர்நாய்கள் அதற்கும் சிரித்தன.

கடைசி நாளை மணல்மேட்டிலேயே கழித்தார்கள். வெண்காலி விடிந்ததிலிருந்து அலையில்தான் கிடந்தாள். உறுமனும் ஒரு காலை நனைத்தான். அலை ஓடி வந்தபோது தொண்டையில் ஓர் 'உர்' எழுந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டு இன்னொரு காலையும் நனைத்தான். சுழியன் பிடித்துக் கொடுத்த மீனில் முதல் பங்கை அவனுக்கே வைத்தான்.

காடு திரும்பியதும் விலங்குகளெல்லாம் கூடிவிட்டன. தூங்கன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்க அத்தான் கடலையே விரட்டினாரு..." என்று சொல்ல ஆரம்பித்தான். உறுமன் அவனை நிறுத்தினான்.

"இரு மச்சான். நீ பாதியைத் தூங்கிட்டே. நான் சொல்றேன்!"

"கடலை எப்படி விரட்டினே?" என்று ஆர்வமாகக் கேட்டது அணில்.

"நான் குரைச்சேன், கடல் போச்சு. அப்புறம் கடல் ஒரு தள்ளு தள்ளுச்சு, நான் போனேன். என்ன வித்தியாசம்னா, நான் போனது நிஜமாவே அது தள்ளினதாலதான்!" என்றான் உறுமன். பின் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, வளை வாசலில் நின்று "கீ! கீ!" என்று தான் கூப்பிட்டதை எல்லாருக்கும் நடித்துக் காட்டினான். காடே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான்.

தானாகத் திரும்பிப் போவதைத் தன் வீரம் என்று எண்ணுகிறவன், எச்சரிக்க வரும் நண்பனையும் பகைவன் என்றே விரட்டுவான்.