செண்பகவடிவின் இடக்கன்னம்

தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்கள் கேளுங்கள். இந்த வழக்கில் நானும் ஒரு கட்சிக்காரன், அதனால் நானே தீர்ப்பளித்தால் செல்லாது.

பாளையங்கோட்டை செண்பகவடிவு என் சித்தி மகள். சிறுவயதில் கொதிக்கும் எண்ணெய் தெறித்து அவள் இடக்கன்னத்தில் பெரிய தழும்பு. யார் எதிரே வந்தாலும் முந்தானை தானாக அந்தக் கன்னத்துக்கு ஏறிவிடும். கல்யாண போட்டோவிலும் அப்படித்தான்.

நான் படம் வரைகிறவன். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தவள், "என்னைய வரைங்கண்ணே" என்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கம் விழும்படி நாற்காலியை அவளே திருப்பிப் போட்டுக்கொண்டாள். பென்சிலால் வரைந்தேன். வலப்பாதியில் கண், மூக்கு, காதோர நரை எல்லாம் உண்டு. இடப்பாதியில் நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே கோடு, உள்ளே வெறும் காகிதம். நவீன பாணி என்று எனக்குள் பெருமை வேறு.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "போதும்ணே. இனி இதுல ஒரு கோடுகூட சேக்காதீங்க. சத்தியம் பண்ணுங்க" என்றாள். பண்ணினேன். முந்தானையைப் பழையபடி இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் வருஷம் அவள் இறந்துபோனாள். பதினாறாம் நாள் மாலை போட, முழு முகம் தெரிகிற படம் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை. நான் வரைந்து வைத்திருந்த படத்தைப் பார்த்த அவள் கணவர் சங்கரபாண்டியன், "அரை மூஞ்சிக்கா மச்சான் மாலை போடுறது? மறு கன்னத்தையும் வரைஞ்சு குடுங்க. தழும்பு மட்டும் வேண்டாம். செத்த பொறகாவது அவள யாரும் ஒரு மாதிரி பாக்கக் கூடாது" என்று அழுதார்.

மகள் கோமதி, "தழும்போட வரைங்க மாமா. அது இல்லாட்டி அது எங்கம்மாவே இல்ல" என்றாள்.

சத்தியத்தைச் சொல்லி இருவருக்கும் மறுத்து, படத்தை அப்படியே கொடுத்தேன். சட்டம் போடுவதற்குள் கோமதி ஒரு பென்சிலை எடுத்து அந்தத் தழும்பைத் தானே வரைந்துவிட்டாள். கோணல்மாணலான கோடுகள். சங்கரபாண்டியன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறைக்கச் சொன்ன கணவர், சத்தியத்தைக் காத்த நான், அதை மீறி வரைந்த மகள். இதில் யார் செய்தது சரி?

விடை: கோமதி. தீர்ப்பு எனக்கே எதிராக இருப்பதால் நானே சொன்னாலும் செல்லும். முந்தானையை விலக்கி, அந்தக் கன்னத்தை வெளிச்சத்தில் காட்டி செண்பகம் உட்கார்ந்தது வாழ்நாளில் ஒரே ஒரு முறை, என் எதிரில்தான். அதை வரைய எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பயத்துக்குத்தான் நவீனம் என்று பேர் வைத்தேன். ஒரு கோடுகூட வேண்டாம் என்று அவள் சொன்னது படம் பிடித்துப்போய் அல்ல, மனசு விட்டுப்போய். இது எனக்கு உறைக்க அவள் சாக வேண்டியிருந்தது. படத்தின் மூலையில் இருந்த என் கையெழுத்தை அழித்துவிடச் சொன்னேன். "இருக்கட்டும் மாமா, அந்தப் பாதி நீங்க வரைஞ்சதுதானே" என்றாள் கோமதி.