கலீனாவுக்கு ஒரு கட்லெட்

கருவாட்டு ஏலத்தில் சிலுவைதாசன் தொண்டையைச் செருமினாலே எதிராளி விலையில் பாதியை விட்டுக்கொடுத்துவிடுவான். அப்பேர்ப்பட்ட மனுஷன், தன் அறுபதாவது வயதில், இரண்டு கிலோ கோழிக்கறியைப் பையில் தூக்கிக்கொண்டு அமலோற்பவத்தின் வாசலில் வந்து நின்றார்.

அமலோற்பவம் அவரைவிட இருபது வயது இளையவள். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு வேலையாக வந்து தங்கிய ரஷ்யக் குடும்பங்களுக்குப் பதினோரு வருஷம் சமைத்துப் போட்டவள். கேட்டதற்குத்தான் பேசுவாள். சில சமயம் அதுவும் இல்லை.

"ரஷ்யாக்காரங்க திங்கிற கோழிக் கட்லெட் இருக்குல்லா, ரொட்டித்தூள் பெரட்டிப் பொரிக்கிறது. அதைச் சொல்லிக் குடு தாயி. மூணு நாள்ல நான் படிச்சிரணும்."

"ஏழு நாள் ஆகும் அண்ணாச்சி."

"நாலு."

"ஏழு."

"அஞ்சு. இதுக்கு மேல பேசாத."

அவள் கறியை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தாள். "யாருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

சிலுவைதாசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மருமவளுக்கு."

ஊருக்கே தெரிந்த கதைதான். அவருடைய ஒரே மகன் ஜெரால்டுக்குக் கப்பலில் வேலை. மின் நிலையத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த கலீனாவை விரும்பிக் கட்டினான். போன மாசியில் அவன் கடலில் இருந்தபோது, ரஷ்யாவில் அவளுடைய அம்மாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்தது. அன்றைக்கு ஊர்க்கோயிலில் திருவிழாக் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறிவிட்டால் அது இறங்கும்வரை வீட்டுப் பெண்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அங்கே வழக்கம். சிலுவைதாசன் வாசற்படியில் குறுக்கே நின்றார். பத்து நாள்தானே, கொடி இறங்கட்டும், நானே விமானம் ஏற்றிவிடுகிறேன் என்றார். எட்டாம் நாள் அந்த அம்மா கண்ணை மூடிவிட்டாள்.

"இனிமே யாரைப் பார்க்கப் போகணும்?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போனவள்தான் கலீனா. இருபத்துமூன்று நாளாக ஒரு வார்த்தை இல்லை. கடுந்தேநீரும் காய்ந்த ரொட்டியும்தான் ஆகாரம். மகன் ஃபோன் போட்டால் அதை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்துவிடுகிறாள்.

"இப்படியே விட்டா ஆளு தேறாது தாயி. அவ அம்மைக்காரி இந்தக் கட்லெட்டை அடிக்கடி செய்வாளாம். பையன் சொன்னான்." சிலுவைதாசன் குரலைத் தாழ்த்தினார். "இதைத் தின்னா வாயைத் திறந்து பேசுவாளா?"

"வெங்காயத்தை உரிங்க அண்ணாச்சி."

முதல் நாள் அவர் உரித்தது, நறுக்கியது, கொத்தியது எல்லாம் போர்க்களம் மாதிரி இருந்தது. அரைவை மெஷின் எதற்கு இருக்கிறது என்று கேட்டார். அவள் கத்தியை நீட்டினாள். முந்தின நாள் வாங்கிய பேக்கரி ரொட்டியின் ஓரத்தை வெட்டி, பாலில் ஊறப்போட்டு, பிழிந்து கறியோடு பிசையச் சொன்னாள். வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், உப்பு. அவ்வளவுதான்.

"மிளகாய்?"

"கிடையாது."

"இஞ்சி பூண்டு?"

"கிடையாது."

"கோழி வாடை அடிக்குமே!"

"அது கோழிக் கட்லெட்தானே."

இரண்டாம் நாள், அவள் பால் வாங்கப் போன சமயம் பார்த்து, மடியில் பொட்டலமாக முடிந்து வந்த இஞ்சி பூண்டு விழுதைக் கறியில் தள்ளிவிட்டார். வந்தவள் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, பாத்திரத்தை அப்படியே எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதை வீட்டுக்குக் கொண்டுபோய் உங்களுக்குக் குழம்பு வைங்க. நாளைக்கு வேற கறி வாங்கிட்டு வாங்க."

மூன்றாம் நாள் சட்டி வரைக்கும் வந்துவிட்டார். உருட்டிய கறிக்குள் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டை ஒளித்து, ரொட்டித்தூளில் புரட்டி, சட்டியில் வைத்தார். வைத்த கையோடு தோசைக்கரண்டியை எடுத்து ஓர் அமுக்கு அமுக்கினார். உஸ்ஸென்று சத்தம் வந்ததும் சந்தோஷமாக இன்னொரு அமுக்கு.

அவள் தடுக்கவில்லை. வெந்ததும் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினாள்.

"சாப்பிடுங்க."

கடித்தார். "சக்கையால்லா இருக்கு! உள்ள வச்ச வெண்ணெய் எங்க போச்சு?"

"நீங்க அமுக்குனதுல போச்சு."

"அமுக்காம எப்படி வேகும்?"

"மூடி வச்சுட்டுத் தள்ளி நின்னா வேகும்."

சிலுவைதாசன் கரண்டியைத் தொட்டியில் வீசினார். "ஒரு கட்லெட்டுக்கு இவ்வளவு சட்டமா வாத்தியாரம்மா! நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி ஆட்டிவைக்கிறியே!" செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில், அவள் கதவைத் திறக்கும்போது அவர் வெளியே நின்றார். கையில் புதுக் கறி. உள்ளே வந்ததும் அவள் சொல்லாமலே வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார்.

ஏழாம் நாள், தீயைத் தணித்து, மூடியைப் போட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைக்கவில்லை. வெந்த கட்லெட்டை அமலோற்பவம் நடுவில் வெட்டினாள். பொன் நிற மேலோட்டுக்குள்ளிருந்து வெண்ணெய் வழிந்து தட்டில் ஓடியது.

"ஆச்சு" என்றாள்.

"சரியா இருக்கா?"

"என் சட்டிக்குச் சரி."

அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க அவருக்கு நேரமில்லை. அடுக்குப்பாத்திரத்தில் வைத்து மூடிக்கொண்டு ஓடினார்.

எட்டாம் நாள் காலையில் தெருமுனையிலேயே அவர் சத்தம் கேட்டது.

"ஏமாத்திட்டியே தாயி! ஏழு நாள் என்னை மாடா உழைக்க வச்சு, ஏமாத்திட்டியே!"

"சாப்பிட்டாங்களா?"

"ஒரே வாய். மென்னா, முழுங்குனா, தட்டைத் தள்ளிட்டா. 'இது எங்கம்மா கட்லெட் இல்லை'ன்னுட்டா."

அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தாள். "சொன்னாங்களா?"

"சொன்னாளாவா! 'எங்கம்மா செய்யுறதுல கோழி பேருக்குத்தான் இருக்கும், எல்லாம் ரொட்டி'ங்கா. கறி வாங்க வழியில்லாத வருஷங்களாம். ஒரு கோழிய வச்சு ஒரு வாரம் ஓட்டுவாளாம் அந்த அம்மா. பிள்ளைகளுக்குப் போட்டுட்டு, சட்டியில கருகிக் கிடக்குற ரொட்டித்தூளைச் சுரண்டித் தின்னுட்டு, எனக்கு அதுதான் பிடிக்கும்பாளாம். நான் என்னடான்னா, நாட்டுக்கோழியா பாத்து வாங்கி..."

அவர் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"பிறகு?"

"பிறகு என் பக்கம் திரும்பிட்டா." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "'உங்க கொடி இறங்கியாச்சா?'ன்னு கேட்டா."

அடுப்படியில் பால் பொங்கியது. அமலோற்பவம் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அழுதா. தமிழ்ல ஏசுனா. தமிழ் தீந்ததும் அவ பாஷையில ஏசுனா. மத்தியானம் ஆரம்பிச்சவ, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும். இடையில அம்மையப் பத்திச் சொல்லுவா, பிறவு மறுபடியும் ஏசுவா."

"நீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? வாயே திறக்கலை." புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "அறுபது வயசுக்கு ஒருத்தன் என்னை அப்படிப் பேசிட்டு முழுசா வீடு போய்ச் சேந்ததில்லை தாயி."

பிறகு பழைய சிலுவைதாசன் எழுந்துகொண்டார். பைக்குள்ளிருந்து நான்கு ரொட்டிப் பொட்டலங்களை எடுத்து மேசையில் அடுக்கினார்.

"போகட்டும். சூட்சுமம் தெரிஞ்சு போச்சுல்லா? கறியைக் கால் பங்கா குறைச்சிருவோம். ரொட்டியைக் கூட்டிருவோம். அவ அம்மை கைப்பக்குவத்துக்கே கொண்டாந்து, மத்தியானத்துக்குள்ள சரிபண்ணிருவோம். அவளும் பிறகு ஒரு குறை சொல்ல முடியாது. என்ன சொல்லுத?"

அமலோற்பவம் நான்கு பொட்டலங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள். "இன்னும் கொஞ்ச நாளைக்குத் தப்பாவே செய்யுங்க."